கொற்றனின் கல்லறையை எப்போது திறப்பார்கள்?

2026 பிப்ரவரியில், எகிப்து நாட்டு அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகளில் தமிழ்ப் பெயர்கள் காணப்பட்ட செய்தி நாளிதழ்களில் வெளிவந்த மறுநாள், இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் புறநானூறு நடத்திக்கொண்டிருந்தேன். பாடத்தை நிறுத்திவிட்டு அச்செய்தியை மாணவர்களுக்குப் படித்துக் காட்டினேன். 'சிகை கொற்றன்' என்னும் பெயர் ஐந்து கல்லறைகளில் எட்டு இடங்களில் இருக்கிறது என்ற வரியைப் படித்து முடித்ததும், கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"ஐயா, கொற்றனோட கல்லறையை எப்போ திறப்பாங்க? டிவியில லைவா காட்டுவாங்களா?"

வகுப்பு சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தப் பிழை அவனுடையது அன்று என்பதை உடனே உணர்ந்தேன். கல்லறையில் ஒரு பெயர் இருந்தால் அது அங்கே புதைக்கப்பட்டவனின் பெயர். பெயருக்குப் பின்னால் ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் ஒரு பேழை. பேழைக்குள் மம்மி, மம்மியின் மேல் பொன். எகிப்தைப் பற்றி அவனுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருந்த இலக்கணம் இவ்வளவுதான். கற்றுக்கொடுத்தது பள்ளிப் பாடநூல் அன்று. தமிழ்க் குரல் பூசப்பட்டு நம் வீட்டுக் கூடங்களுக்கு வந்துசேரும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள்.

எனக்கும் அந்த இலக்கணத்தைக் கற்பித்தது தொலைக்காட்சியே. 2002 செப்டம்பரில் நான் முதுகலை மாணவன். மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் கேபிள் இணைப்பு இருந்த வீடுகளில் பெரியப்பா வீடும் ஒன்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரண்டாம் ஷிப்டு முடித்து வந்து, சாப்பிட்ட தட்டோடு அவர் தொலைக்காட்சியின் முன் அமர்வார். அந்த வாரத்தில் ஓரிரவு, நேஷனல் ஜியாக்ரஃபிக் நிறுவனத்தின் பிரமிடு நிகழ்ச்சியை மறுஒளிபரப்பில் இருவரும் சேர்ந்து பார்த்தோம்.

கதை இதுதான். கூஃபு மன்னனின் பெரிய பிரமிடுக்குள் 'அரசியின் அறை' என்று அழைக்கப்படும் அறையிலிருந்து, ஏறத்தாழ 20 செ.மீ. அகலமே உள்ள இரு குறுகிய சுரங்கக் குழாய்கள் மேல்நோக்கிச் செல்கின்றன. 1993 மார்ச்சில் ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் கான்டென்பிரிங்க் அனுப்பிய சிறிய ஊர்தி, தென்புறக் குழாயில் ஏறத்தாழ 65 மீட்டர் ஏறியதும் ஒரு கல் தடுப்பின் முன் நின்றுவிட்டது. தடுப்பில் இரண்டு செப்பு முளைகள் இருந்தன. அப்பால் என்ன என்ற கேள்வி ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தது. விடை தேடும் நாளாகத் தொலைக்காட்சி குறித்த முகூர்த்தம் 2002 செப்டம்பர் 17. இரண்டு மணி நேர நிகழ்ச்சி. இடையில் ஒரு கற்பேழையின் மூடி நகர்த்தப்பட்டது. இறுதியில் ஒரு ரோபோ அந்தக் கல்லில் துளையிட்டு, துளைக்குள் நுண்படக் கருவியை நுழைத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஒரு சிறு இடைவெளி. அதற்கப்பால் இன்னொரு கல்.

"கதவுக்குப் பின்னால இன்னொரு கதவா? இதுக்கா ராத்திரி முழிச்சோம்?" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா கை கழுவ எழுந்து போனார். தொகுப்பாளரோ, அதுவும் ஒரு மாபெரும் கண்டுபிடிப்பே என்ற குரலில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பெரியப்பாவின் கருத்தே சரியெனப் பட்டது. ஆனால் இருவருமே ஓரிடத்தில் தவறியிருந்தோம் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். 2011இல், லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய வேறொரு ரோபோ, வளையும் தன்மையுள்ள படக்கருவியை அதே துளை வழியே செலுத்தித் தரையைத் திருப்பிப் பார்த்தது. அங்கே செங்காவியால் தீட்டிய குறிகள் இருந்தன. கட்டுமானத் தொழிலாளர் கணக்குக்காக இட்ட குறிகளாகலாம் என்று கருதுகிறார்கள். நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கல் அடுக்கிய ஒருவனின் கையெழுத்து! 2002இல் கண்ணெதிரே இருந்த அந்தச் சிறு அறைக்குள் நம்மில் எவரும் கீழே பார்க்கவில்லை. நேரே பார்த்தோம், அடுத்த கதவைத் தேடி.

'திறத்தல்' என்னும் இந்தக் கேளிக்கை தொலைக்காட்சியோடு தோன்றியதன்று. 1830களில் இலண்டனில் தாமஸ் பெட்டிகுரூ என்னும் அறுவை மருத்துவர், நுழைவுச்சீட்டு விற்று, கூட்டத்தின் முன் மம்மிகளின் துணிகளை அவிழ்த்துக் காட்டினார். 1834 ஜனவரியில் நடந்த ஒரு நிகழ்வுக்கு வந்த கேன்டர்பரிப் பேராயரே இடமின்றித் திரும்ப நேர்ந்தது என்பர். அவர் ஆய்வாளர்தாம், மம்மிகளைப் பற்றி மதிக்கத்தக்க நூலொன்றும் எழுதினார். இருந்தும் 'மம்மி பெட்டிகுரூ' என்ற பட்டப்பெயரே மிஞ்சியது. அறிவும் வேடிக்கையும் ஒரே மேடையில் ஏறும்போது, கூட்டம் எதை நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதற்கு அவரே முதற்சான்று.

அடுத்த கட்டம் துட்டன்காமன். 1922 நவம்பர் 4 அன்று ஹோவர்ட் கார்ட்டரின் வேலையாட்கள் முதற்படியைக் கண்டார்கள். 26 அன்று கார்ட்டர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உள்ளே எட்டிப் பார்த்தார். இவ்வளவு எல்லோரும் அறிந்ததே. அதிகம் பேசப்படாதது அதன் பின் நடந்த செய்தி வணிகம். 1923 ஜனவரியில், அகழாய்வுக்குப் பொருளுதவி செய்த கார்னார்வன் பிரபு, கல்லறைச் செய்திகளை முதலில் வெளியிடும் உரிமையை இலண்டன் 'டைம்ஸ்' இதழுக்கு 5,000 பவுனுக்கு விற்றார். தம் மண்ணில் எடுக்கப்பட்ட தம் மன்னனைப் பற்றி, எகிப்திய இதழ்கள் இலண்டனிலிருந்து செய்தி பெற வேண்டிய நிலை! ஏப்ரல் 5 அன்று, கொசுக்கடி சீழ்பிடித்துக் கார்னார்வன் கெய்ரோவில் இறந்தபோது, செய்தி கிடைக்காமல் வாடியிருந்த மற்ற இதழ்களுக்குப் புதியதொரு சரக்கு கிடைத்தது: மம்மியின் சாபம். சாபத்துக்கு முதலில் இலக்காகியிருக்க வேண்டிய கார்ட்டரோ 1939 வரை வாழ்ந்தார். அக்கல்லறையிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை எண்ணிட்டு, படமெடுத்து, பக்குவப்படுத்தி வெளியே கொணர அவருக்குப் பத்தாண்டுகள் ஆயின. பத்தாண்டு உழைப்பை எந்தத் தொலைக்காட்சி காட்டும்? எட்டிப் பார்த்த ஒரு நிமிடத்தைத்தான் காட்டும்.

தொலைக்காட்சிக் காலத்துக்கு வருவோம். 1999 மார்ச்சில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் நிறுவனம் கீசாவிலிருந்து கல்லறைத் திறப்பை நேரலையாக ஒளிபரப்பியது. பிறகு மேற்சொன்ன 2002. பிறகு, 2010 ஜூலையில், ஹிஸ்டரி சேனலில் 'சேசிங் மம்மீஸ்'. இது முழுமையான ரியாலிட்டி நிகழ்ச்சி. எகிப்தியத் தொல்பொருள் உயர்மன்றத்தின் தலைமைச் செயலர் சாகி ஹவாஸ் நாயகர்; அவர் பின்னால் ஓடும் இளம் பயிற்சியாளர்கள் துணைப் பாத்திரங்கள். ஹவாஸ் சினங்கொள்வார், கத்துவார், தொப்பியைச் சரிசெய்வார், மீண்டும் கத்துவார். பயிற்சியாளர் எவராவது விதியை மீறித் திட்டு வாங்குவார். அவர்கள் நின்றுகொண்டிருக்கும் இடம் எந்த அரசமரபைச் சேர்ந்தது என்பது, யார் யாரைத் திட்டினார் என்பதற்குப் பின்னால் மங்கலாக ஓடும். நம் வீட்டு நெடுந்தொடர்களில் மாமியார் மருமகள் சண்டைக்குப் பின்னணியில் ஒரு பூசையறை தெரியுமே, அப்படி. ஒரு பருவத்தோடு அது முடிந்தது.

ஹவாஸைக் கேலி செய்வது எளிது. நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். நூறாண்டுகளுக்கும் மேலாக, எகிப்தின் கல்லறைகளைப் பற்றி உலகத்துக்குச் சொன்னவர்கள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியருமே. எகிப்தியர் மண் சுமப்பவராகப் படத்தின் ஓரத்தில் நின்றனர். ஹவாஸின் வழியாகத்தான் ஓர் எகிப்தியர் நடுவில் நின்று பேசுவதை உலகம் கண்டது. 'டைம்ஸ்' ஒப்பந்தத்தின் அவமானத்தை எண்ணிப் பார்த்தால், அந்தத் தொப்பியின் மிடுக்குக்கு ஒரு பொருள் இருப்பது விளங்கும். என் குறை அவர் நடுவில் நின்றதில் இல்லை. அவரைச் சுற்றியிருந்தவர்கள் அப்போதும் படத்தின் ஓரத்திலேயே நின்றார்கள் என்பதில்தான். 2011 ஜனவரிக் கிளர்ச்சியின்போது கெய்ரோ அருங்காட்சியகத்துக்குள் கொள்ளையர் புகுந்த இரவில், பெயர் தெரியாத இளைஞர்கள் கைகோத்து வேலியாக நின்று அதைக் காத்தார்கள். எந்தத் தொடரிலும் இல்லாத நாடகம் அது.

2019 ஏப்ரலில் டிஸ்கவரி மீண்டும் ஒரு நேரலை நடத்தியது. மின்யா மாகாணத்தின் அல் கொரைஃபாவில், தோத் தெய்வத்தின் தலைமைக் குருக்கள் ஒருவரின் பேழையைத் திறந்தார்கள். இம்முறை மம்மி இருந்தது, பொன்னும் இருந்தது. பெரியப்பா உயிரோடிருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். எனக்கு ஒரே ஐயம். கண்டுபிடிப்பு நாள் குறித்துக்கொண்டு வருமா? ஒளிபரப்பு நேரத்தை மாதக்கணக்கில் முன்பே விளம்பரப்படுத்த வேண்டுமென்றால், உள்ளே ஏமாற்றம் தராத ஏதோ இருக்கிறது என்பது ஓரளவேனும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோலத் திறப்பதற்கு நம் மொழியில் கூத்து என்று பெயர். கூத்து இழிந்ததன்று. கூத்தை ஆய்வென்று சொல்லி விற்பதில்தான் சிக்கல்.

நல்ல விதிவிலக்கும் உண்டு. 2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த, சக்காரா கல்லறையைப் பற்றிய ஆவணப்படத்தில், வாஃத்யே என்னும் பூசகரின் கல்லறையைத் தோண்டும் எகிப்தியத் தொழிலாளர்களே நாயகர்கள். ஒருவர் தம் தந்தையும் பாட்டனும் செய்த அதே வேலையைச் செய்வார். மண்ணை விரலால் தடவியே எது சுவர், எது சரிந்த மண் என்று சொல்லிவிடுவார். மாணவர்களுக்குக் காட்டத்தக்க படம்.

நம் நாட்டிலும் இத்தகைய கூத்து அரங்கேறியது. 2013 அக்டோபரில், உத்தரப் பிரதேசத்து உன்னாவ் மாவட்டத்தின் தௌந்தியா கேரா என்னும் சிற்றூரில், கோட்டைக்கு அடியில் 1,000 டன் தங்கம் இருப்பதாக ஒரு சாமியார் கனவு கண்டார். இந்தியத் தொல்லியல் துறை குழி தோண்டத் தொடங்கியது. செய்தித் தொலைக்காட்சிகளின் வண்டிகள் வயலெங்கும் நின்றன. பஜ்ஜிக் கடைகள் முளைத்தன. தங்கம் கிடைக்கவில்லை. பானை ஓடுகளும் பழஞ்சுவரும் கிடைத்தன. வண்டிகள் திரும்பிவிட்டன. ஓடுகள் கிடைத்த பிறகுதானே ஒரு தொல்லியலாளனுக்கு வேலையே தொடங்குகிறது?

இனி என் கதை. சொல்லக் கூச்சமாக இருப்பினும் சொல்லித்தான் ஆக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தொலைக்காட்சியிலிருந்து 'எகிப்தில் தமிழர்' என்னும் நிகழ்ச்சிக்காக என்னை அணுகினார்கள். மகிழ்ந்து போனேன். வீட்டுக்கே வந்து நாற்பது நிமிடம் பதிவு செய்தார்கள். பானை ஓடுகளைப் பற்றி, மிளகைப் பற்றி, பருவக்காற்றைப் பற்றி எல்லாம் விரிவாகச் சொன்னேன். ஒளிபரப்பில் நான் வந்தது பதினொரு விநாடி. "தமிழர்கள் எகிப்துக்குச் சென்றிருக்கிறார்கள், இதில் ஐயமே இல்லை" என்ற என் ஒரு வாக்கியம். அடுத்த நொடி பிரமிடு. அதன் மேல் 'பிரமிடைக் கட்டியவன் தமிழனா?' என்னும் எழுத்துகள், முரசொலியுடன். பிரமிடுக்கும் அந்தப் பானை ஓடுகளுக்கும் இடையில் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் இருப்பதாகவும் சொல்லியிருந்தேன். அது வெட்டப்பட்டது. மறுநாள் கல்லூரியில் மாணவர்கள் கைகுலுக்கினார்கள். திருத்திச் சொன்னேன்; ஆனால் உரக்கச் சொல்லவில்லை. வாழ்த்தைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. கொற்றனின் கல்லறையைப் பற்றிக் கேட்ட மாணவனைப் பார்த்து நான் சிரிக்காமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

அன்று வெட்டப்பட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். செங்கடலின் எகிப்தியக் கரையில், உரோமர் காலத்தில் இரண்டு பெருந்துறைகள் இருந்தன: மியோஸ் ஹோர்மோஸ், பெரெனிகே. முதலாவது, இன்றைய குசேர் அல் காதிம். 1978 முதல் 1982 வரை அங்கே நடந்த அமெரிக்க அகழாய்வில் 'கணன்', 'சாதன்' என்னும் பெயர்கள் தமிழ் பிராமியில் பொறித்த ஓடுகள் கிடைத்தன. பெரெனிகேயில் 1995இல் கிடைத்த ஓட்டில் 'கொறபூமான்' என்று ஐராவதம் மகாதேவன் படித்தார். அதே பெரெனிகேயின் கோயில் முற்றத்தில், இந்தியாவில் வனைந்த பெரிய சாடி ஒன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு இருந்தது. சேர நாட்டு மலைச்சாரலில் பறித்த மிளகு, இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் மிளகாகவே. கப்பலில் வந்த சரக்கு இங்கிருந்து ஒட்டகங்களின் மேல் பாலைவனத்தைக் கடந்து, நைல் கரையிலுள்ள காப்டோஸ் நகரை அடையும். அங்கிருந்து ஆற்றின் வழியே அலெக்சாந்திரியா. அந்தக் காப்டோஸ்தான் இன்றைய குஃப்த். 1890களில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி தம் அகழாய்வுகளுக்கு வேலையாட்களைப் பழக்கியெடுத்த ஊர். எகிப்தின் தேர்ந்த மண்வெட்டிக்காரர்கள் இன்றும் 'குஃப்தி' என்றே பெயர் பெறுகிறார்கள். நம் மிளகு இறங்கிய ஊரின் மக்களே கல்லறைகளைத் தோண்டிக் காட்டியவர்கள் என்பது எனக்கு எந்த மம்மியையும்விட வியப்பளிக்கிறது.

காப்டோஸிலிருந்து ஆற்றில் எதிர்நீச்சலாகச் சிறிது தொலைவு சென்றால் தீப்ஸ். அதன் மேற்குக் கரையில் அரசர் பள்ளத்தாக்கு. உரோமர் காலத்திலேயே அது சுற்றுலாத் தலம். பல கல்லறைகள் அன்றே திறந்து கிடந்தன. வந்தவர்கள் சுவரில் பெயரைக் கீறிவிட்டுப் போனார்கள். கிரேக்கர் கீறிய ஈராயிரத்துக்கும் மேற்பட்ட கிறுக்கல்களை, பிரெஞ்சு அறிஞர் ஜூல் பாயே 1926இல் தொகுத்து வெளியிட்டார். அவற்றினிடையே கிரேக்கம் அல்லாத சில கீறல்களும் இருந்தன. 2024, 2025 ஆண்டுகளில் லோசான் பல்கலைக்கழகத்தின் இங்கோ ஸ்ட்ராவும், பிரெஞ்சுத் தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியின் ஷார்லட் ஷ்மிடும் ஆறு கல்லறைகளில் ஏறத்தாழ 30 இந்தியப் பொறிப்புகளைப் படித்தார்கள். தமிழ், பிராகிருதம், சமஸ்கிருதம், கி.பி. 1ஆம் நூற்றாண்டுக்கும் 3ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. 2026 பிப்ரவரியில் சென்னையில் நடந்த கல்வெட்டியல் மாநாட்டில் அவற்றை அறிவித்தார்கள். கோபான் என்பவன் வந்து கண்டதாக ஒரு வரி. சாத்தன் உண்டு, கீரன் உண்டு. நம் கொற்றன் எட்டு முறை. சீத்தலைச் சாத்தனையும் நக்கீரனையும் பிட்டங்கொற்றனையும் படித்த நமக்கு, இவர்கள் அந்நியர் அல்லர், அடுத்த தெருக்காரர்கள்.

வாசக நண்பர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இத்தனை ஆண்டுகளாகத் தொலைக்காட்சிப் படக்கருவிகள் அந்தப் பள்ளத்தாக்கில் அலைந்தன. திறக்கப்படாத கதவைத் தேடின. கொற்றனோ திறந்த கல்லறையின் திறந்த சுவரில், நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகும் இடத்தில், தன் பெயரோடு காத்திருந்தான். அவனைக் கண்டெடுக்கக் கடப்பாரை தேவைப்படவில்லை, ரோபோ தேவைப்படவில்லை. படிக்கத் தெரிந்த ஒருவர் வரவேண்டியிருந்தது.

இதையெல்லாம் வகுப்பில் இவ்வளவு கோவையாகச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். கொற்றன் பார்வோன் அல்லன், நம்மைப்போலச் சுற்றிப்பார்க்கச் சென்றவன் என்றதும் வகுப்பின் முகம் சற்றே வாடியது. வாடிய முகங்களைக் கண்டு, கரும்பலகையில் இன்னோர் ஓட்டின் வாசகத்தை எழுதினேன். குசேர் அல் காதிமில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் எடுத்த, கி.மு. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கணிக்கப்பட்ட சாடியின் உடைந்த பகுதி, 2007இல் செய்தியானது. இந்தியச் சாடி என்று இனங்கண்டவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ரோபெர்ட்டா டாம்பர். அதிலுள்ளது தமிழ் பிராமி என்று உறுதிசெய்தவர் மகாதேவன். வாசகம் இவ்வளவே: 'பானை ஒறி'. உறியில் தொங்கும் பானை.

உறி என்றால் என்னவென்று கேட்டேன். நாற்பத்திரண்டு பேரில் மூவருக்கே தெரிந்திருந்தது. அவர்களும் உறியடி விழாவை வைத்துச் சொன்னார்கள். மேனாம்பேட்டில் எங்கள் பழைய வீட்டு அடுக்களையில், எறும்புக்கும் பூனைக்கும் எட்டாமல் அம்மா மோர்ப்பானையை உறியில் தொங்கவிட்டதையும், உறி போன பின்னும் உத்தரத்தில் அந்தக் கொக்கி நெடுநாள் இருந்ததையும் சொன்னேன்.

பிறகு, அந்தச் சாடியில் ஒரே வாசகம் எதிரெதிர்ப் பக்கங்களில் இருமுறை கீறப்பட்டிருப்பதைச் சொன்னேன். ஏன் இருமுறை என்று கேட்டான், கொற்றனின் கல்லறையைப் பற்றிக் கேட்ட அதே மாணவன். நான் வாய் திறக்குமுன் அவனுக்கு முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் திரும்பினாள். அவளுடைய தந்தை தொழிற்பேட்டையில் லாரிக்குச் சரக்கு ஏற்றுபவர்.

"அட்டைப்பெட்டியிலயும் ரெண்டு பக்கமும்தான்டா எழுதுவாங்க. எப்படித் திருப்பி அடுக்கினாலும் தெரியணும்ல?"